போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடு

(விமான சிமுலேட்டர் ஆர்வலர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே செப்பனிடப்பட்டது.)



எங்கள் வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும் அம்மா ஒன்றுதான் சொல்வார்: "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடு." போன் இல்லாத காலத்தில் அது "போனவுடனே ஒரு கார்டு போடு" என்று இருந்தது. பஸ் எந்த வழியாகப் போக வேண்டும், டிரைவர் எவ்வளவு வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பதிலெல்லாம் அம்மாவுக்கு அதிகாரம் கிடையாது. அவரிடம் இருந்தது ஒரு கணக்கு மட்டுமே: இவன் இத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அந்த மணி தாண்டிவிட்டால் அவருக்கு அடுப்படியில் கை ஓடாது.

இந்த வேலையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அவர்கள் இருந்த இடத்துக்கு ஃபிளைட் சர்வீஸ் ஸ்டேஷன் என்று பெயர். பறப்புச் சேவை நிலையம் என்று வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் விமானம் ஓட்டும் நமக்கு அது 'எஃப்எஸ்எஸ்' என்ற மூன்றெழுத்தாகத்தான் தெரியும். நாம் பறக்கும் இணைய வலையமைப்பான வாட்சிமில், கட்டுப்பாட்டாளரின் அழைப்புக்குறியின் வாலில் ஒட்டியிருக்கும் மூன்றெழுத்து. நம்மில் பலர் அதை 'பெரிய ஏடிசி' என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், அதாவது ஏடிசி, கட்டளையிடுபவர். ஏறு என்றால் ஏற வேண்டும், இடப்பக்கம் திரும்பு என்றால் திரும்ப வேண்டும். பறப்புச் சேவை நிலையத்தில் இருப்பவருக்கு அந்த அதிகாரம் இல்லை. அவர் தகவல் சொல்பவர். வழியில் மேகம் எப்படி, போகிற ஊரில் காற்று எந்தப் பக்கம், ஓடுபாதை ஏதாவது மூடியிருக்கிறதா, முன்னால் போன விமானி குலுக்கல் பற்றி என்ன சொல்லிவிட்டுப் போனார் என்பதெல்லாம் அவரிடம் கிடைக்கும். எதிரே மலையை மறைக்கும் அளவுக்கு மேகம் இருக்கிறது, போகாமலிருப்பது நல்லது என்று சொல்வார். போகாதே என்று சொல்ல மாட்டார். முடிவு விமானியுடையது.

அமெரிக்க நடைமுறையில் இதற்கு ஒரு அழகான சான்று உண்டு. கட்டுப்பாட்டாளரின் ரேடியோ எட்டாத இடத்தில் விமானி இருக்கிறார் என்று வையுங்கள். அவருக்கான அனுமதியைச் சேவை நிலையக்காரர் வாங்கிச் சொல்ல வேண்டும். அப்போது அவர் தன் குரலில் "உனக்கு அனுமதி" என்று சொல்லிவிட முடியாது. "ஏடிசி அனுமதிக்கிறது" என்று தொடங்கித்தான் சொல்ல வேண்டும். அது விதி. வாய் என்னுடையது, வார்த்தை என்னுடையது அல்ல என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லிச் சொல்லி வேலை பார்க்கிற மனிதர். சொல்லும் ஓலை யாருடையது என்பதை முதலில் அறிவித்துவிட்டுப் பேசும் தூதர் மாதிரி.

இந்த வேலை எங்கே தொடங்கியது தெரியுமா? தபாலில். 1920 ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்க அஞ்சல் துறை, நியூயார்க்கிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோவரை போகும் வான்தபால் பாதை நெடுகிலும் ரேடியோ நிலையங்கள் அமைக்க உத்தரவிட்டது. அன்றைய தபால் விமானத்தில் ரேடியோ கிடையாது. அதனால் இந்த நிலையங்கள் விமானியோடு பேசவில்லை, தங்களுக்குள் பேசிக்கொண்டன. "இங்கிருந்து கிளம்பிவிட்டான்", "இங்கே வந்து சேர்ந்துவிட்டான்", "இங்கே பனி கொட்டுகிறது". அவ்வளவுதான் செய்தி. தபால் வேலை இல்லாத நேரத்தில் அதே ரேடியோவில் விவசாயத் துறைக்காரர்கள் வானிலையும் சந்தை நிலவரமும் அனுப்பினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விவரம். வான்தபால் ரேடியோக்களில் விலைவாசியும் ஓடியிருக்கிறது!

அடுத்த பிப்ரவரியில் ஒரு சோதனை வந்தது. அதுவரை தபால் விமானங்கள் பகலில் மட்டும் பறந்தன. இரவில் தபாலை ரயிலில் ஏற்றிவிடுவார்கள். அப்படியானால் விமானத்துக்கு எதற்குப் பணம் என்று அரசியல்வாதிகள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். 1921 பிப்ரவரி 22 அன்று, இரவிலும் பறந்து காட்டுகிறோம் என்று கிளம்பினார்கள். கிளம்பிய விமானங்களில் ஒன்று விபத்துக்குள்ளாகி விமானி இறந்தார். வானிலை வேறு சிலரை நிறுத்திவிட்டது. ஜாக் நைட் என்ற விமானி நெப்ராஸ்காவின் நார்த் பிளாட் ஊரிலிருந்து இரவில் கிளம்பி ஒமாஹாவில் இறங்கினார். வழிநெடுக ஊர்க்காரர்கள் அவருக்காகச் சொக்கப்பனை மாதிரி தீ மூட்டி வைத்திருந்தார்கள். ஒமாஹாவில் அவரிடமிருந்து தபாலை வாங்கிக்கொண்டு போக வேண்டியவர் வந்து சேரவில்லை. ஒமாஹாவுக்கும் சிகாகோவுக்கும் இடையே நைட் அதற்குமுன் பறந்ததே இல்லை. சாலை வரைபடத்தை வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எரிபொருளுக்காக இடையில் அயோவா சிட்டியில் இறங்க வேண்டும். அங்கே இருந்த ஆட்கள், இந்தப் பனியில் யார் வரப்போகிறார்கள், பயணம் ரத்தாகியிருக்கும் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். இரவுக் காவலாளி ஒருவர் மட்டும் இருந்தார். வானத்தில் எஞ்சின் சத்தம் கேட்டு அவர் ஒரு தீவட்டியைக் கொளுத்திக் காட்டினார். நைட் அந்த வெளிச்சத்தைப் பார்த்து இறங்கினார். மறுநாள் காலை சிகாகோ போய்ச் சேர்ந்தார். சான்ஃபிரான்சிஸ்கோவில் கிளம்பிய தபால் 33 மணி நேரம் 20 நிமிடத்தில் நியூயார்க்கை அடைந்தது. அமெரிக்கா நைட்டைக் கொண்டாடியது. எனக்கு அந்தக் காவலாளியின் மேல்தான் கண். அவருக்கு விமானத்தை ஓட்டத் தெரியாது, கட்டளையிடத் தெரியாது. வீட்டுக்குப் போகாமல் இருந்தார். அவ்வளவுதான்.

பிறகு 1927இல் இந்த நிலையங்கள் அஞ்சல் துறையிடமிருந்து வணிகத் துறைக்குப் போயின. பெயர்கள் மாறின, ரேடியோ விமானத்துக்குள்ளும் ஏறியது. சிறுவிமானம் ஓட்டுபவர்கள் பறப்புத் திட்டம் கொடுத்துவிட்டுக் கிளம்புவதும், இறங்கியதும் "வந்துவிட்டேன், திட்டத்தை மூடுங்கள்" என்று சொல்வதும் வழக்கமாயிற்று. இந்த மூடுதலைக் கவனியுங்கள். சொன்ன நேரத்துக்கு அரைமணி கழித்தும் மூடவில்லை என்றால் சேவை நிலையம் தேட ஆரம்பிக்கும். முதலில் ஹெலிகாப்டர் எல்லாம் இல்லை. தொலைபேசிதான். போக வேண்டிய விமான நிலையத்துக்குப் போன் செய்து, "இன்ன நிறம், இன்ன எண், உங்கள் வாசலில் நிற்கிறதா, கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்" என்பார்கள். பெரும்பாலும் நிற்கும். விமானி மூட மறந்துவிட்டு எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அம்மாவுக்குப் போன் போட மறந்த பிள்ளைகள் உலகெங்கும் உண்டு.

2005 அக்டோபரில் அலாஸ்கா தவிர்த்த அமெரிக்காவில் இந்தச் சேவை தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நிலையங்கள் குறைந்துகொண்டே வந்தன. விமானிகள் கைபேசிச் செயலியில் வானிலை பார்க்கத் தொடங்கிய பிறகு அழைப்பவர்களும் குறைந்தார்கள். அலாஸ்காவை மட்டும் அரசு தன் கையிலேயே வைத்துக்கொண்டது. சாலையே போகாத ஊர்களுக்குச் சிறுவிமானம்தான் டவுன் பஸ். அங்கே மனிதக் குரல் இன்னும் தேவைப்படுகிறது. கனடாவின் வடக்கில் இக்காலுயிட் போன்ற இடங்களிலும் இப்படித்தான். நம்மூரிலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு இடம் உண்டு. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா ஆகிய நான்கு ஊர்களில் பறப்புத் தகவல் மையங்கள் (எஃப்ஐசி) இருக்கின்றன. பயிற்சி விமானம் ஓட்டும் பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்கள். கிளம்புமுன் எஃப்ஐசி எண்ணும் வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் வாங்குவதற்குப் பட்ட பாட்டைக் கதைகதையாகச் சொல்வார்கள்.

சரி, நம் உலகத்துக்கு வருவோம்.

வாட்சிம் 2001இல் தொடங்கியது. சம்பளம் இல்லாத விமானிகள், சம்பளம் இல்லாத கட்டுப்பாட்டாளர்கள். அதன் அடிப்படை மென்பொருளில் ஒவ்வொரு வகைக் கட்டுப்பாட்டு இருக்கைக்கும் ஓர் எண் உண்டு. வெறுமனே கவனித்துக்கொண்டிருப்பவருக்குப் பூஜ்ஜியம். தரைக் கட்டுப்பாடு, கோபுரம், அணுகுதல், வழித்தடம் எல்லாம் பின்னால் வருகின்றன. எண் ஒன்று யாருக்குத் தெரியுமா? எஃப்எஸ்எஸ்ஸுக்கு. தகவல் மட்டும் சொல்பவர்தானே, அதிகாரம் குறைந்தவர், அவரை முதல் படியில் வை என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். இது என் ஊகம்.

அந்த இருக்கைக்கு ஒரு வசதியும் சேர்ந்திருந்தது. வழித்தடக் கட்டுப்பாட்டாளருக்கு 600 கடல் மைல் தூரம் வரை தெரியும் என்றால் எஃப்எஸ்எஸ்ஸுக்கு 1,500 கடல் மைல். அங்கேதான் கதை திரும்பியது. பெருங்கடலையும், பாதி ஐரோப்பாவின் மேல்வானத்தையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும் என்றபோது, இவ்வளவு தூரம் தெரிகிற இருக்கை எது என்று தேடினார்கள். அது எஃப்எஸ்எஸ். உட்கார்ந்துவிட்டார்கள். இன்று யூரோகண்ட்ரோல் என்ற பெயரில் 24,500 அடிக்கு மேலே ஐரோப்பாவைப் பகுதி பகுதியாகப் பார்ப்பவர்களின் வாலில் எஃப்எஸ்எஸ் இருக்கிறது. வட அட்லாண்டிக்கின் கிழக்குப் பாதிக்கு ஷான்விக், மேற்குப் பாதிக்கு காண்டர். இரண்டின் வாலிலும் அதுவே. எல்லோரும் முழு அதிகாரத்தோடு கட்டளையிடுபவர்கள். சி1 என்ற வழித்தடக் கட்டுப்பாட்டாளர் தகுதியைப் பெற்று, அதற்கு மேலும் தனிப்பயிற்சி எடுத்தவர்களுக்குத்தான் அந்த இருக்கை. கீழ்ப்படியில் வைத்த நாற்காலியில் ராஜா வந்து உட்கார்ந்த கதை!

பெயர் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். அட்லாண்டிக்கின் நடுவில் ரேடாரும் சாதாரண ரேடியோவும் எட்டாது. குரலில் பேசுவதென்றால் பெரும்பாலும் நெடுந்தொலைவு போகும் எச்எஃப் ரேடியோவில்தான் பேச வேண்டும், அதில் இரைச்சல்தான் அதிகம். நிஜ உலகில் காண்டர் ரேடியோ என்பது ஒரு பன்னாட்டுப் பறப்புச் சேவை நிலையம்தான். அதன் அலுவல் பெயரே அதுதான். ஷான்விக் என்ற பெயர் அயர்லாந்தின் ஷானன், ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் இரண்டையும் ஒட்டிச் செய்தது. காரணம் உண்டு. முடிவெடுக்கும் கட்டுப்பாட்டாளர் பிரெஸ்ட்விக்கில் இருக்கிறார். விமானியோடு பேசும் ரேடியோக்காரர் ஷானனுக்குப் பக்கத்தில் பாலிகிரீன் என்ற இடத்தில் இருக்கிறார். நடுக்கடலில் இருக்கும் விமானி, "முப்பது மேற்கைப் பதினெட்டு நாற்பத்திரண்டுக்குக் கடந்தேன், அடுத்து நாற்பது மேற்கு, இன்ன நேரத்துக்கு" என்று சொல்வார். ரேடியோக்காரர் ஒரு எழுத்து விடாமல் திருப்பிச் சொல்லி, எழுதி, பிரெஸ்ட்விக்குக்கு அனுப்புவார். உயரம் மாற்றலாமா என்று விமானி கேட்டால் "காத்திருங்கள்" என்பார். பதில் அங்கிருந்து வரும்.

வாட்சிமில் இந்த இரண்டு பேரும் ஒரே ஆள். ஹெட்போன் மாட்டிய ஒரு கல்லூரி மாணவரே ஷானனும் பிரெஸ்ட்விக்கும். நடைமுறைக்கு அதுதான் சரி. இரண்டு தன்னார்வலர்களை இதற்குத் தேடினால் கடலில் ஒருவருமே இருக்க மாட்டார்கள். 2019 அக்டோபரில் வந்த புதிய குரல் அமைப்பில் எச்எஃப் இரைச்சலைக்கூடச் செயற்கையாகச் சேர்த்துவிட்டார்கள். அந்த இரைச்சலை மணிக்கணக்கில் கேட்க முடியாது என்பதால் நிஜ விமானிகள் ஒலியைக் குறைத்துவிட்டு, தங்களுக்கான நான்கெழுத்து ஒலிக்குறி வந்தால் மட்டும் மணி அடிக்கும்படி வைத்திருப்பார்கள். செல்கால் என்பது அதுதான். அதையும் நம் மென்பொருள்கள் அடிக்கின்றன. இரைச்சல் இருக்கிறது, மணி இருக்கிறது, கிழக்கு மேற்கு எல்லாம் பிசகாமல் இருக்கிறது. பார்த்துப் பார்த்து இழைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். காத்திருத்தலை.

யோசித்துப் பாருங்கள். வாட்சிமில் வானிலை வேண்டுமென்றால் ஒரு கட்டளை அடித்தால் போதும், திரையில் வந்துவிடும். அறிவிப்புகளை இணையத்தில் படித்துக்கொள்கிறோம். கட்டுப்பாட்டாளர் இல்லாத வானில் 122.8 அலைவரிசையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். பறப்புத் திட்டத்தை மூடும் வழக்கமே கிடையாது. இறங்கினோம், எஞ்சினை அணைத்தோம், இணைப்பைத் துண்டித்தோம். நாம் போய்ச் சேர்ந்தோமா என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. விமானம் நடுவானில் திரையிலிருந்து மறைந்துவிட்டால் கட்டுப்பாட்டாளர் "இணையம் போயிருக்கும்" என்று அடுத்தவரைப் பார்ப்பார். கட்டுப்பாட்டாளராக நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். அவசரநிலை அறிவிக்கலாம், ஆனால் கட்டுப்பாட்டாளர் வேண்டாம் என்றால் நிறுத்திவிட வேண்டும். தேடல், மீட்பு மாதிரியான வேலைகளை விளையாடிப் பார்க்கத் தனி அனுமதி பெற்ற குழுக்கள் இருக்கின்றன. மற்றவர்களுக்கு அது இல்லை. இதில் எனக்குப் புகார் இல்லை. ஒரு திருவிழா இரவில் நூறு விமானங்கள் வரிசையில் நிற்கும்போது ஒருவர் காணாமல் போய் விளையாடினால் யார் தாங்குவது?

ஒரு விதியை மட்டும் சொல்கிறேன். வாட்சிமில் விமானத்தை 30 நிமிடத்துக்கு மேல் கவனிக்காமல் விட்டுவிட்டுப் போகக் கூடாது. நிஜ உலகில் சேவை நிலையம் தேடத் தொடங்குவதற்கும் அதே அரைமணிதான். அங்கே அரைமணி பதில் இல்லை என்றால் போனை எடுத்துத் தேடுவார்கள். இங்கே மேற்பார்வையாளர் வந்து இணைப்பைத் துண்டிப்பார்.

எனக்கே நடந்தது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர், இரவு நேரம், சுமார் 1,370 கிலோமீட்டர். வாட்சிமில் அந்தக் கடலைப் பார்க்க அன்று ஒருவரும் இல்லை. தானியங்கியைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். கண் அசந்துவிட்டது. விழித்தபோது திரையில் மேற்பார்வையாளரின் மூன்று செய்திகள், கடைசியில் "துண்டிக்கப்பட்டது" என்ற ஒரு வரி. என் விமானம் அந்தமானைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. வெட்கத்தோடு கணினியை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

படுத்தபோது அதே பாதையில் போன வேறொரு விமானம் நினைவுக்கு வந்தது. 2016 ஜூலை 22 காலை தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32. 29 பேர். வங்கக்கடலின் மேல் மறைந்துபோனது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. எதுவும் கிடைக்கவில்லை. சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, கடற்கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படமெடுத்தது. அவை அந்த விமானத்துடையவையாக இருக்கலாம் என்று 2024 ஜனவரியில் சொன்னார்கள். ஏழரை ஆண்டு. அந்த 29 வீடுகளிலும் கிளம்பும்போது ஒருவராவது சொல்லியிருப்பார், போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடு என்று.

அன்றிரவுக்குப் பிறகுதான் பறப்புச் சேவை நிலையம் என்றால் என்ன என்று தேடிப் படித்தேன். இன்று உங்களிடம் சொல்வதெல்லாம் அப்படிச் சேர்த்ததுதான்.

எனக்கு எஃப்எஸ்எஸ் இருக்கைக்கான தகுதி இல்லை. வார இறுதி இரவுகளில் சென்னை வான்பகுதியைப் பார்க்கும் சாதாரண வழித்தடக் கட்டுப்பாட்டாளன் நான். பெரும்பாலும் கூட்டமே இருக்காது. ஒன்றிரண்டு விமானங்கள் கடலைப் பார்த்துப் போகும். என் எல்லை முடியும் இடத்தில் "சேவை முடிந்தது, 122.8க்கு மாறிக்கொள்ளுங்கள், வணக்கம்" என்று அனுப்பிவிட வேண்டும். அத்தோடு என் பொறுப்பு தீர்ந்தது. நான் செய்வதெல்லாம் இதற்கு மேல் ஒன்றே ஒன்று. பழைய நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். அழைப்புக்குறி, எங்கே போகிறார், எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எழுதுகிறேன். வரைபடத்தில் அவர் இறங்கிவிட்டதைப் பார்த்தால் ஒரு கோடு போட்டு அடித்துவிடுவேன். என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, பால் கணக்கு எழுதுகிறீர்களா என்று கேட்டார்.

கோடு போடாத வரி ஒன்று ரொம்ப நாள் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஓட்டுகிற ஒரு தம்பி, போர்ட் பிளேருக்குப் போய்க்கொண்டிருந்தவர், பாதிக் கடலில் மறைந்துவிட்டார். அன்று மறுபடி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் சென்னையில் தரையில் நின்றுகொண்டு அனுமதி கேட்டார். அனுமதி கொடுத்துவிட்டு, தனிச் செய்தியில் கேட்டேன்: "தம்பி, அன்னைக்கு என்ன ஆச்சு?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. எந்த நாளைச் சொல்கிறேன் என்று யோசித்திருப்பார். பிறகு வந்தது:

"கரண்ட் போயிடுச்சு சார். அப்புறம் செமஸ்டர் எக்ஸாம். ஏன் சார், நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

இல்லை தம்பி, சும்மா கேட்டேன் என்று எழுதிவிட்டு, நோட்டை எடுத்து அந்த வரியை அடித்தேன்.